கொள்ளைநோய்க் காலத்துத் தொலைக் கற்பித்தல்

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைக் கண்டு, கல்லூரியை நினைந்தவுடன் முதலில் மனத்தில் எழுவது யாது என வினவினால், மணியோசை என்றே பெரும்பாலோர் விடையிறுப்பர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, அம்மணி நின்றது. நாட்டிலுள்ள பாடசாலைகள் அனைத்தும் அன்று மூடப்பெற்றன. ஐந்து நாள் கழித்து, 18ஆந் திகதி, அந்நோயின் பொருட்டு இலங்கையில் முதன்முதலாக ஊரடங்குச் சட்டம் விதிக்கப்பெற்ற இடங்கள் நம் புத்தளம் மாவட்டமும் நீர்கொழும்பை அடுத்த கொச்சிக்கடையுமாம். இத்தாலி நாட்டிலிருந்து திரும்பியோர் இக்கடற்கரையூர்களிற் பலராயிருந்தமையே அதற்குக் காரணம். நாடு முழுவதற்கும் அச்சட்டம் 20ஆந் திகதி மாலையிலே வந்தது. ஆகவே, வீட்டினுள் அடைபட்ட பிள்ளைக்குப் பாடம் எவ்வாறு போய்ச் சேரும் என்னும் வினா, கொழும்பாருக்கு எழுமுன் சிலாபத்தாருக்கு எழுந்துவிட்டது என்று சொல்லலாம். விடை மாத்திரம் எவருக்கும் முந்திக் கிடைக்கவில்லை.

விழா மலரில் நோய்க்காலத்துச் செய்தி எதற்கு எனச் சிலர் கருதலாம். அக்காலத்தில் பத்தாந்தரத்திலும் பதினோராந்தரத்திலும் இருந்த பிள்ளைகள் இன்று பழைய மாணவராகி, இம்மலரைக் கையிலேந்துவோருள் தாமும் சிலராக இருக்கின்றனர். அவர்கள் பெற்றது எவ்வகைக் கல்வி, பெறாது விட்டது எவ்வளவு என்பதை உலகிற் பல ஆராய்ச்சியாளர் அளந்து கூறியுள்ளனர். அவ்வாராய்ச்சிகளுட் சிலவற்றை எளிய முறையில் எடுத்துரைத்தலும், பயிற்றப்பட்ட ஆசிரியன் ஒருவன் தன் வகுப்பிற் கண்டவற்றோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பெயரைத் தெளிந்துகொள்வோம். அக்காலத்தில் நடந்ததை எல்லாரும் 'தொலைக்கல்வி' என்றும் 'ஒன்லைன் படிப்பு' என்றும் வழங்கினர். பாடசாலைகள் மூடிய இரு கிழமைகளுள், 2020 மார்ச் 27ஆந் திகதி, அமெரிக்காவிற் சார்ள்ஸ் ஹொட்ஜஸ் முதலிய ஐவர் ஒரு கட்டுரை வெளியிட்டு இப்பெயரை மறுத்தனர். நெருக்கடியில் வேறு வழியின்றித் தொலைவிலிருந்து நடத்தும் கற்பித்தல் ஒன்று. ஆற அமரத் திட்டமிட்டு அமைக்கப்பெற்ற இணையவழிக் கல்வி வேறொன்று. முன்னையதற்கு 'அவசரகாலத் தொலைக் கற்பித்தல்' என அவர்கள் பெயரிட்டனர். பல்கலைக்கழகப் பாடநெறியொன்றை முழுவதும் இணையவழிக்கு ஆயத்தஞ் செய்வதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம் செல்லும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. நமக்குக் கிடைத்தது ஒரு சனியும் ஒரு ஞாயிறும்.

உண்மையான தொலைக்கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. அங்கே பயில்வோர் வளர்ந்தோர். தாமே விரும்பிச் சேர்ந்தோர். தனித்துப் படிப்பதற்கென்றே எழுதப்பெற்ற பாடநூல் அவர் கையில் இருக்கும். ஐயம் தீர்த்துக்கொள்ள நிலையங்கள் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் திடீரென வீட்டில் இருத்தி, வகுப்பறைக்கென எழுதிய பாடநூலைக் கொடுத்து, அதனையும் அப்பெயராலேயே அழைப்பது பொருந்தாது. படகு கவிழ்ந்தபோது பலகையைப் பற்றிக்கொண்டவனை நீச்சற்காரன் என்று சொல்வதில்லையன்றோ? பெயர் பிழைத்ததனால் விளைந்த தீங்கும் உண்டு. சிலர் அக்கால அநுபவத்தைக் காட்டித் தொலைக்கல்வியே பயனற்றது என்றனர். வேறு சிலர், பிள்ளைகள் கைபேசியிற் படித்துப் பழகிவிட்டனர், இனிக் கட்டடமும் ஆசிரியரும் எதற்கு என்றனர். இரு சாராரும் பலகையை வைத்தே நீச்சலை அளந்தவராவர்.

இத்தகைய நெருக்கடிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1937ஆம் ஆண்டு செப்ரெம்பரில், இளம்பிள்ளைவாதம் பரவியமையால் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துப் பாடசாலைகள் குறித்த நாளில் திறக்கப்பெறவில்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலி வாயிலாகப் பாடம் நடந்தது. எந்நேரத்தில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்பதைப் பத்திரிகைகள் நாடோறும் அச்சிட்டன. பெற்றோர் ஐயம் கேட்பதற்குத் தொலைபேசியில் ஆசிரியர் அமர்ந்திருந்தனர். சில கிழமைகளிற் பாடசாலை திறந்ததும் அவ்வேற்பாடு முடிந்தது. வானொலி இல்லாத வீடு, தெளிவாகக் கேளாத வீடு, பாடம் விரைந்து ஓடுவதால் எட்டிப் பிடிக்க இயலாத பிள்ளை என்று அன்று எழுந்த குறைகளை வாசிக்கும்போது, 2020இல் நம் ஆசிரியர் அறையிற் பேசியவற்றையே வாசிப்பதுபோல் இருக்கின்றது.

2020 ஏப்பிரலில், உலகத்தில் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் பாடசாலைக்குப் புறத்தே நின்றனர் என யுனெஸ்கோ கணக்கிட்டது. இலங்கையில் நிகழ்ந்ததை வாசகர் அறிவர், சுருக்கமாகக் கூறுகின்றேன். 2020 யூலையிற் பகுதி பகுதியாகத் திறந்தனர், கந்தக்காட்டில் நோய் பரவியமையால் உடனே மூடினர், மீண்டுந் திறந்தனர். ஒக்ரோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி தோன்ற மூடி, நவம்பர் பிற்பகுதியில் மேல் வகுப்புகளுக்குத் திறந்தனர். 2021 ஏப்பிரல் இறுதியில் மறுபடியும் மூடி, ஒக்ரோபர் 21ஆந் திகதி, இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் திறந்தனர். 2020 டிசெம்பரில் நடந்திருக்க வேண்டிய க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. அடுத்த ஆண்டுக்குரியதோ 2022 மே மாதத்தில் நடந்தது. இடையில், 2021 யூலை 12 முதல் ஒக்ரோபர் வரை, சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. கோரிக்கை நியாயமானதே, யானும் விலகி நின்றவர்களுள் ஒருவன். ஆயினும், அம்மூன்றரை மாதத்தின் விலையிற் பெரும்பங்கைச் செலுத்தியவர் பிள்ளைகளே என்பதை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. வலயக்கல்வி அலுவலகங்களின் வழியே செயலட்டைகள் வந்தன. இவை யாவும் இருந்தும், நடைமுறையிற் கல்விக்கூடமாக அமைந்தது வட்ஸ்அப் குழுவே. குடிசனமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த கணக்கின்படி, ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டிலே கணினி இருந்தது. எஞ்சிய நான்கு வீடுகளிற் கைபேசியே கரும்பலகை. ஊவாவிற் பொகிட்டியாவ என்னும் ஊர்ப் பிள்ளைகள், அலைவரிசை கிடைப்பதற்காகக் காட்டு வழியே நடந்து மலைமேல் ஏறியிருந்து படித்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. நம் பக்கத்தில் மலையில்லை, தென்னந்தோட்டந்தான். ஓலைக்கு அப்பால் வானம் தெரியும் இடம் தேடிப் பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடினர்.

என் வகுப்பிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே குழுவிற் சேர்ந்தனர். சேர்ந்தோரிலும் விடை அனுப்புவோர் சிலர், வாளாவிருப்போர் பலர். வாளாவிருந்தோரைச் சோம்பேறிகள் என்றே யான் எண்ணினேன். ஒருவன் ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு, முதல்நாள் மாலைக்குரிய பயிற்சியைப் படம் பிடித்து அனுப்புவான். 'தாமதம்' என்று சிவப்பு மையால் எழுதுவதுபோல் நாடோறும் பதில் எழுதினேன். அவன் தந்தையார் இரவிற் கடலுக்குப் போகும்போது கைபேசியையும் எடுத்துச் செல்வார் என்பதும், அவர் கரை சேர்ந்தபின் அதிலே எஞ்சியிருக்கும் மின்னூட்டத்தில் அப்பிள்ளை பாடம் பார்த்தான் என்பதும் இரண்டு மாதங்கழித்தே எனக்குத் தெரிந்தன. வேறொரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி. தம்பி ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இருந்தமையால் மூத்தவள் தன் முறையையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தாள். அவள் கெட்டிக்காரி, அவள் பெயர் என் பதிவில் 'பங்குபற்றவில்லை' என்றே கிடந்தது. 2020 ஒக்ரோபரிற் பேலியகொடை மீன்சந்தை மூடப்பட்டபின், பிடித்த மீனை விற்க வழியின்றிப் பல வீடுகளிற் கைபேசிக்கு 'ரீலோட்' போடுதலும் நின்றது. பங்குபற்றாமைக்குக் காரணம் படிப்பின்மேல் வெறுப்பன்று, மீன்விலை என்பதை ஆசிரியன் அறிந்துகொள்ளும் வாயில் அக்குழுவில் இருக்கவில்லை.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். இணையவசதியிற் குறைவில்லாத நாடு நெதர்லாந்து. அங்கே பாடசாலைகள் எட்டுக் கிழமையே மூடியிருந்தன. பெர் எங்ஸெல் என்பாரும் அவர் குழுவினரும் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் ஆரம்ப வகுப்பு மாணவரின் பரீட்சைப் பெறுபேறுகளை முந்திய ஆண்டுகளோடு ஒப்புநோக்கி, 2021இல் வெளியிட்டனர். இழப்பு, ஒரு கல்வியாண்டின் ஐந்திலொரு பங்குக்குச் சமமாயிற்று; அதாவது பாடசாலை மூடியிருந்த காலத்தின் அளவே இழப்பின் அளவும். வீட்டிலிருந்து கற்றதனாற் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றம் மிகச் சிறிது, அல்லது இல்லை என்பது இதன் பொருள். கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு அறுபது வீதம்வரை மிகுதியாயிருந்தது. எல்லா வசதியும் வாய்ந்த நாட்டில் எட்டுக் கிழமைக்கு இவ்வளவு எனின், நம் நிலையை வாசகரே கணித்துக்கொள்க.

யான் பெரிதும் வியந்து வாசித்த ஆராய்ச்சி ஆபிரிக்காவிலுள்ள பொற்சுவானா நாட்டில் நடந்தது. நோம் அங்ரிஸ்ட் முதலியோர் செய்தது, 2022இல் வெளிவந்தது. மூன்றாந்தரம் முதல் ஐந்தாந்தரம் வரை படிக்கும் பிள்ளைகளுள்ள ஏறத்தாழ 4,500 குடும்பங்களைத் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் மூன்று கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினருக்குக் கிழமைதோறும் சில கணக்குகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினர். இரண்டாங் கூறினருக்கு அக்குறுஞ்செய்தியோடு, கிழமைக்கு ஒருமுறை பதினைந்து இருபது நிமிடம் தொலைபேசியில் ஒருவர் பேசினர். பெற்றோர் தொலைபேசியை எடுத்து, பிள்ளையை அருகில் அழைத்து, ஒலிபெருக்கியைத் திருப்பிவிடுவர். அழைத்தவர் அக்கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து செய்வார். மூன்றாங் கூறினருக்கு ஒன்றுமில்லை. இணையம் வேண்டியதில்லை, பொத்தான் வைத்த பழைய கைபேசியே போதும். குறுஞ்செய்தி மாத்திரம் பெற்ற பிள்ளைகளிடம் உறுதியான முன்னேற்றம் காணப்படவில்லை. பேச்சும் பெற்றவரிடம் 0.12 நியமவிலகல் அளவுக்கு முன்னேற்றம் காணப்பட்டது. கணக்கியலார் மொழியில் இது சிறு எண்ணே. ஆனால், கற்றதை மறந்துகொண்டிருந்த காலத்தில், கிழமைக்கு இருபது நிமிடத்தில், மிகச் சொற்பச் செலவிற் கிட்டியது அது. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகண்டா ஆகிய ஐந்து நாடுகளில் இதனைப் பரீட்சித்தபோது, தொலைபேசிப் பேச்சின் பயன் மேலும் தெளிவாகத் தெரிந்தது. அரசாங்க ஆசிரியரே பேசிய இடங்களிலும் பயன் குறையவில்லை.

இரண்டு கூறினருக்கும் கணக்கு ஒன்றே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வேறுபட்டது, மறுமுனையில் ஒருவர் இருந்து, "நீ எப்படிச் செய்தாய்? சொல்லு பார்ப்போம்" என்று கேட்டமையே. பிள்ளை தடுமாறும் இடத்தை அவர் உடனே கண்டு, கணக்கை அதற்கேற்ப எளிதாக்கவோ கடினமாக்கவோ இயன்றது. நாம் வட்ஸ்அப்பில் அனுப்பிய செயலட்டை குறுஞ்செய்தியின் இனத்தைச் சேர்ந்ததேயன்றி அழைப்பின் இனத்தைச் சேர்ந்ததன்று. நாற்பது பக்கச் செயலட்டையை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என உறங்கப்போன இரவுகள் எனக்கும் உண்டு.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மேற்கூறிய ஆராய்ச்சியை அறியாமலே, யான் பயிற்சிக்கொப்பி ஒன்றில் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுத் தொலைபேசி இலக்கங்களை எழுதிக்கொண்டு ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கியிருந்தேன். விடியற்காலைப் பையனின் செய்தியே அதற்குத் தூண்டுகோல். சங்கம் விலகி நின்றது இணையவழியிலிருந்தாதலின் தொலைபேசி அதனுள் அடங்காது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். பத்து நிமிடம், பாடநூலில் ஒரு பக்கம், பிள்ளை உரத்து வாசிக்க வேண்டும், அவ்வளவே. தமிழாசிரியனுக்குத் தொலைபேசி தரும் நன்மை தீமைகளை அப்பொழுதுதான் கண்டேன். வாசிப்பின் ஓட்டம், நிறுத்தம், சொல்லைப் பிரிக்கும் இடம் ஆகியன நேரிற் கேட்பதுபோலவே கேட்கும். பொருள் விளங்கி வாசிக்கின்றானா, எழுத்துக்கூட்டி வாசிக்கின்றானா என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவில் வாய் திறவாதவள் தொலைபேசியிற் கணீரென வாசித்ததும் உண்டு. ஆனால், ளகர ழகர வேறுபாட்டை அக்கருவி விழுங்கிவிடுகின்றது. ரகரமும் றகரமும் சொல்லவே வேண்டியதில்லை. பிள்ளையின் நா பிறழ்ந்ததோ, கருவி பிறழ்ந்ததோ என்று அறியாமல் திருத்தப் போய் யான் வெட்கியதும் உண்டு. எழுத்து வடிவத்தைத் தொலைவிலிருந்து திருத்துதல் அதனினும் அரிது. சொல்வதெழுதுதலை அழைப்பில் நடத்தலாம்; எழுதியதைக் காண்பதற்கு மறுபடியும் படம் பிடிக்கும் கைபேசியே வேண்டும்.

இழந்ததை மீட்டல் கூடுமா என்பது அடுத்த வினா. இதற்கு விடை தமிழ்நாட்டிலிருந்து வந்துள்ளது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர், தமிழ்நாட்டு நாட்டுப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடுவீடாகச் சென்று பரீட்சித்தனர். 2019இல் அதே வயதுப் பிள்ளைகள் அறிந்திருந்ததோடு ஒப்பிட, 2021 டிசெம்பரில் கணிதத்தில் ஏறத்தாழ 0.7 நியமவிலகலும் தமிழில் ஏறத்தாழ 0.34 நியமவிலகலும் குறைவு காணப்பட்டன. தமிழில் இழப்பு கணிதத்தின் பாதியாயிருப்பது தமிழாசிரியர்க்கு ஆறுதல் தரலாம். வீட்டிலும் வீதியிலும் மொழி ஓயாது ஒலிப்பதனால் அவ்வாறாயிற்று என்பது என் ஊகம். நம் திறமை என்று மார்தட்டுதற்கு இடமில்லை. பாடசாலை திறந்த ஆறு மாதத்துள், அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தினால் வந்தது. 2021 ஒக்ரோபரிற் தொடங்கிய அத்திட்டத்தில், இரண்டு இலட்சம் அளவிலான தன்னார்வலர், பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்கள், மாலைதோறும் ஒரு மணி ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் கோயில் முன்றிலிலும் சிறு கூட்டமாகப் பிள்ளைகளை இருத்திச் சொல்லிக்கொடுத்தனர். அவர்களுள் மிகப் பலர் பயிற்றப்பட்ட ஆசிரியரல்லர். பயிற்சிச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் என்போன்றோர்க்கு இது சற்றுக் கசப்பான செய்தி, எனினும் உண்மை.

நம் மீட்சியோ வேறு வழியிற் சென்றது. 2021இன் இறுதியில் பாடசாலை திறந்தும் மூச்சுவிட நேரமில்லை. 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில் பரீட்சைத்தாள் அச்சிடக் காகிதமின்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது. யூனில் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தபோது கல்வி மறுமுறையும் தடைப்பட்டது. தெதுரு ஓயா கடலோடு சேரும் இடத்தில் வாழும் நமக்கு வெள்ளத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே 'அவசரகாலம்' என்பது 2020ஓடு வந்து 2021ஓடு போன விருந்தாளியன்று. நோய், எரிபொருள், வெள்ளம் என ஐந்தாண்டில் மூன்று உருவில் வந்துவிட்டது. வெள்ளத்தின்போது மின்சாரமும் அலைவரிசையும் சேர்ந்தே போயின என்பதனால், அழைப்பும் எல்லாக் காலத்துக்கும் உதவும் என்று யான் சொல்லத் துணியேன். அத்தகைய நாளுக்கு, பிள்ளையின் புத்தகப்பையில் முன்னரே இருக்கும் அச்சிட்ட கட்டொன்றே துணை.

பழைய மாணவர் சிலர், அன்று தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பிள்ளைகளுக்குக் கைபேசிகள் வாங்கி உதவினர். அவ்வுதவியை நன்றியோடு நினைக்கின்றோம். ஒன்றை மட்டும் உரிமையோடு சொல்வேன்: இனி உதவ எண்ணுவோர் புதுக் கருவியை நோக்கிப் போகாது, மூன்று சிறு செலவுகளை ஏற்கலாம். தவணைக்கு ஒருமுறை, ஒவ்வொரு பாடத்திலும் பத்துப் பக்க அளவில் வீட்டிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிக் கட்டு; அதற்குக் காகிதமும் போட்டோக்கொப்பிச் செலவும் வேண்டும். ஆசிரியர் அழைப்பதற்குரிய தொலைபேசிக் கட்டணம். அதனை அன்று அவரவர் சம்பளத்திலிருந்தே செலுத்தினோம். மூன்றாவது, ஊர்தோறும் மாலையிற் சிறுவரைச் சேர்த்திருத்தி வாசிக்கச் செய்யும் உயர்தரம் கற்ற அக்காமாருக்கு ஒரு சிறு உதவிப்பணம். உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் அத்தகைய பெண்மக்களுக்குக் குறைவில்லை. அவர்களுட் பலர் நம் மாணவியரின் தமக்கைமாரே.

அந்தப் பயிற்சிக்கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கின்றது. தவணை தொடங்குந்தோறும் வகுப்பில் அதனைத் திறந்து, பிள்ளைகளைக் கேட்டு இலக்கங்களைத் திருத்துவது வழக்கமாகிவிட்டது. தந்தை கடலுக்குப் போகும் வீடு எனின், இரவிற் கைபேசி எங்கிருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்கின்றேன். 2021ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு பெயரின்கீழ் நான்கு இலக்கங்கள் எழுதி நான்கும் வெட்டப்பட்டுள்ளன. ஒக்ரோபருக்குப்பின் அவன் வகுப்புக்குத் திரும்பவில்லை. கரைவலை இழுக்கப் போகின்றான் என்று உடன்படித்தோர் சொன்னார்கள். ஐந்தாவது இலக்கம் ஒன்று போன மாதம் கிடைத்தது. இருமுறை அழைத்தேன், மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. பாடு இல்லாத நாளாகப் பார்த்து மறுபடியும் அழைக்க வேண்டும்.